முகூர்த்த ஓட்டம்

பாப்பா,

போனில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது. மீதிப் பாதியை நானாக இட்டுக்கட்டிக்கொண்டு பதில் சொல்கிறேன். நீ சிரிக்கிறாய். "உங்களுக்கு ஒண்ணும் புரியல, குடுங்க இப்படி" என்று உங்கம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறாள். கடலூரில் காலமெல்லாம் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டவனின் காது வேறு எப்படி இருக்கும்? எழுதினால் நடுவில் யாரும் பிடுங்க முடியாது. 'ஏம்ப்பா கத்துறீங்க' என்று நீயும் சொல்ல முடியாது. போன வாரம் நீ செய்த பேட்டரி வண்டியை உன் மாமனார் வீட்டில் விட வந்தபோதே இதையெல்லாம் பேசியிருக்கவேண்டும். சுற்றி உன் வீட்டு ஆட்கள் இருந்தார்கள், எனக்கு வாய் வரவில்லை. சாவியை உன் கையில் கொடுத்துவிட்டுப் பண்ருட்டிக்கு வந்து பஸ் ஏறிவிட்டேன்.

சென்னையில் சோலார் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நீ நம் கடைக்கு வந்து உட்கார்ந்த நாளில் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! 'என் பொண்ணு இன்ஜினியரு, மெட்ராஸ்ல இருக்குது' என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தவன் நான். நீயோ எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நம்ம கடை எவ்ளோ கார்பன் வெளிய வுடுதுன்னு பாக்கலாமாப்பா" என்றாய். சின்னதும் பெரியதுமாக ஜெனரேட்டர்கள், அவற்றை இழுக்க ஒரு குட்டி யானை லோடு வண்டி, மூட்டை மூட்டையாக சீரியல் செட், இவ்வளவுதான் நம் கடை. செம்மங்குப்பம் இருக்கும் திசையில் கையைக் காட்டி, "அங்க அவ்ளோ பெரிய பெரிய ஆலைங்க இருக்குது, அத வுட்டுட்டு என் டீசல் கேனுகிட்ட வந்து நிக்கிறியே" என்று கேட்டேன். "அங்க போனா கேட்டுக்குள்ளயே வுட மாட்டாங்கப்பா. உங்ககிட்டன்னா திட்டு வாங்கிட்டாவது பேசலாம்" என்றாய். திட்டினேன். நன்றாகவே திட்டினேன். மறுநாளும் நீ அதே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாய்.

சிதம்பரத்தில் அந்தக் கல்யாணம் உனக்கு நினைவிருக்கும். பெரிய இடம். மண்டப வாசலிலேயே நம் பெரிய ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். நம் தொழிலில் அது ஒரு மரியாதை. வாசலில் நிற்கிற வண்டியின் அளவை வைத்துத்தான் கல்யாணத்தின் அளவையே பேசுவார்கள். நீ கரன்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு கேபிளாகப் பிடித்துப் பார்த்தாய். மண்டபம் இழுக்கிற கரன்ட்டுக்கு நம் கடையின் ஆகச் சின்ன மெஷினே போதும் என்று தெரிந்தது. "ஒரு டம்ளர் காப்பி போட பிரியாணி அடுப்ப பத்த வெச்சிருக்கீங்கப்பா" என்று நம் மெஷின் ஓட்டுகிற முருகேசனுக்கு முன்னால், சமையல்காரர்களுக்கு முன்னால் சொல்லிவிட்டாய். எனக்கு மானம் போயிற்று. "வூட்டுக்குப் போ நீ" என்று கத்தினேன். ஆனால் வேலை தெரிந்தவனுக்கு உள்ளுக்குள் உறுத்தும் பாப்பா. லோடு இல்லாமல் பெரிய மெஷின் ஓடினால் சைலன்சரில் கருப்பாக எண்ணெய் கசியும். வருஷக்கணக்காக அதைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நான். ஏன் கசிகிறது என்று தெரிந்தும் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வேலைக்கு, பார்ட்டியிடம் என்னென்னவோ கதை சொல்லிச் சமாளித்து, சின்ன மெஷினை அனுப்பினேன். டீசல் கேன் கனமாகவே திரும்பி வந்தது. நீ அந்தக் கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனதை ஓரமாக நின்று பார்த்தேன்.

அதற்கப்புறம் நீ சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தேன், முனகிக்கொண்டே செய்தேன். சூடு கக்குகிற பழைய ஃபோகஸ் லைட்டுகள் போய் எல்இடி வந்தது. புவனகிரியில் ஒரு வேலை, சிதம்பரத்தில் ஒரு வேலை என்றால் குட்டி யானை தனித்தனியாகப் போய்த் தனித்தனியாகக் காலியாக வராமல் ஒரே நடையில் இரண்டையும் முடித்தது. வரவேற்பு முடிந்து கடைசிப் பந்தி நடக்கும்போது வெளியே யாருமில்லாத வாசலுக்கு எரிந்துகொண்டிருந்த வளைவு லைட்டை அணைக்க முருகேசன் கற்றுக்கொண்டான். பழைய பேட்டரி ஆட்டோக்களில் ஓடிய செல்களைத் தேடிப்பிடித்து வாங்கி, நல்லதாகப் பொறுக்கி, இன்னொரு குட்டி யானையில் வரிசையாகக் கட்டி, ஜெனரேட்டருக்குப் பதிலாக நீ பேட்டரி வண்டி செய்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருக்கலாம். இப்போது காட்டுகிறேன், வாங்கிக்கொள்.

ஒன்றில் மட்டும் உன்னைக் கைவைக்க விடவில்லை. அதுதான் முகூர்த்த ஓட்டம். தாலி கட்டுகிற அந்த நேரத்துக்குக் கரன்ட் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, மண்டபத்தை ஜெனரேட்டருக்கு மாற்றி ஓட்டிக்கொண்டே இருப்போம். தாலி ஏறும்போது லைட் ஒரு கண் சிமிட்டினாலும் அபசகுனம் என்று பெண் வீட்டாரும் பயப்படுவார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் பயப்படுவார்கள், அவர்களைவிட ஜாஸ்தியாக நாங்கள் பயப்படுவோம். "கரன்ட் இருக்கறப்பவே டீசல் எரிக்கிறது எதுக்குப்பா? சகுனத்துக்கா?" என்று கேட்டாய். "ஆமா, சகுனத்துக்குத்தான். மத்ததெல்லாம் உன் இஷ்டம். இதுல மட்டும் தலையிடாத" என்றேன். பேட்டரி வண்டியை வரவேற்புக்கு எடுத்தார்கள், காதுகுத்துக்கு எடுத்தார்கள். முகூர்த்தத்துக்கு என்று கேட்டால் ஒரு மண்டபமும் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் உன் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளை நல்ல பையன். காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம், சொந்த வீடு, வாசலில் பலா மரம். வெற்றிலை பாக்கு மாற்றிய அன்றைக்கு உன் மாமனார் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர், கேசரி கொண்டுவந்து வைத்த மூத்த மருமகள் ரேவதியைக் காட்டி, "இன்னா சம்மந்தி, இந்தப் பொண்ணு கல்யாணத்துல தாலி கட்டற நேரம் பாத்து கரன்ட் போயிடுச்சி. அன்னியிலேர்ந்து வூட்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு. முந்திரி வெல எறங்குனதும் அப்பதான், பெரியவனுக்கு கொழந்த தள்ளிப் போறதும் அப்பதான். இந்தக் கல்யாணத்துல அப்படி எதுவும் ஆவக் கூடாது, பாத்துக்குங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால்தான் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. நான் மார்பைத் தட்டிக்கொண்டு, "என் தொழிலே அதுதான் சம்மந்தி. கண்ணு கூட சிமிட்டாது, என் பொறுப்பு" என்றேன். நீ ரேவதியின் முகத்தைப் பார்த்தாய். நான் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாய். "என் முகூர்த்தத்துக்கு டீசல் ஓடக் கூடாதுப்பா. நம்ம பேட்டரிதான்." நமக்குள் அப்படி ஒரு சண்டை அதற்கு முன்னால் வந்ததில்லை. என் பயம் உனக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். லைட் போய்விட்டால் உன் தொழில் படுத்துவிடும், அது போகட்டும், எழுந்துகொள்ளும். ஆனால் அந்த வீட்டில் ரேவதிக்குப் பக்கத்தில் உன்னையும் நிறுத்திவிடுவார்களே! டயர் பஞ்சர் ஆனால் உன்னால், மாடு பால் குறைந்தால் உன்னால் என்று ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருப்பாயே! "என் பொண்ண யாரும் ராசி இல்லாதவன்னு சொல்லக் கூடாதுடி" என்று உங்கம்மாவிடம் சொல்லி அழுதேன். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். முகூர்த்தம் பேட்டரியில். ஆனால் பெரிய ஜெனரேட்டர் மண்டபத்துக்குப் பின்னால் தயாராக நிற்கும், சாவி முருகேசன் கையில் இருக்கும். நீ சரி என்றாய். இவ்வளவு சீக்கிரம் நீ சரி என்றதற்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

சிதம்பரம் மண்டபத்தில் அன்று காலை எல்லாம் ஒழுங்காக நடந்தது. உன்னைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு, கை நிறைய அட்சதையோடு உங்கம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஐயர் "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்று கையை ஆட்டினார். மாப்பிள்ளை தாலியை எடுத்து உன் கழுத்தண்டை கொண்டுபோனார். மண்டபமே அணைந்தது. லைட், ஏசி, மைக், மேடைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்த சக்கர லைட், எல்லாம் ஒரே அடியாக. கூட்டம் "ஐயையோ" என்றது. உலகத்தில் எந்த அப்பனும் செய்யாத காரியத்தை நான் அப்போது செய்தேன். மகளுக்குத் தாலி ஏறுகிற நேரத்தில் மேடையை விட்டு ஓடினேன். என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. அட்சதையை அப்படியே கீழே போட்டுவிட்டு, பின்படி வழியாக இறங்கி, அண்டா கழுவிக்கொண்டிருந்த பெண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி, "முருகேசா, ஸ்டார்ட் பண்றா, ஸ்டார்ட் பண்றா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

முருகேசன் ஜெனரேட்டர் மேல் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். "வேணாம்ணா. பாப்பாதான் மெயின் சுவிட்ச எறக்க சொல்லிச்சி" என்றான். எந்தப் பாப்பா என்று கேட்டேன், பைத்தியக்காரனைப் போல. "நம்ம பாப்பாதான். நீ இன்னா இங்க வந்து நிக்கிற? போய் தாலி கட்டறத பாருண்ணா, போ, போ" என்று என் முதுகில் கைவைத்துத் தள்ளினான். திரும்பி ஓடினேன். நான் மேடைக்கு வந்து சேர்வதற்குள் மேளம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஜன்னலுக்கு ஒருவராக நின்று திரையை ஒதுக்கிக் கதவுகளைத் தள்ளித் திறந்துவிட்டிருந்தார்கள். காலை வெயில் மேடை வரைக்கும் வந்து விழுந்திருந்தது. குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. உன் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது, முகமெல்லாம் வேர்வை, நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். ஆல்பம் வந்தபோது பார்த்தேன். தாலி கட்டுகிற படத்தில் உங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், ஓரத்தில் என் முதுகு ஓடிக்கொண்டிருக்கிறது.

சாப்பாட்டுக் கூடத்தில் உன் மாமனார் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சம்மந்தி இது? உங்க தொழிலே அதுதான்னு சொன்னீங்களே! நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?" நீ மாலையும் கழுத்துமாக வந்தாய். "கரன்ட் போகல மாமா. நான்தான் அணைக்க சொன்னேன். இவருக்கும் தெரியும்" என்று மாப்பிள்ளையைக் காட்டினாய். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். "அணைச்சியா? ஏம்மா இப்படி பண்ண?" என்று உன் மாமனார் கேட்டபோது, ரேவதி ஜாங்கிரித் தட்டோடு இரண்டு வரிசை தள்ளி நின்றிருந்தாள். நீ அவளைப் பார்க்காமலேயே சொன்னாய்: "ரேவதி அக்காவுக்கு தானா போச்சி. எனக்கு நானா போகச் சொல்லி போச்சி. இனிமே வீட்ல எதுனா நடந்தா எங்க ரெண்டு பேரையும் சேத்து சொல்லுங்க மாமா."

மணமகள் அறையில் நான் உன்னிடம் குதித்தேன். "என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். "சொன்னா வுட்டிருப்பீங்களா?" என்றாய். விட்டிருக்க மாட்டேன். அது உண்மை. ஆனால் நீ செய்தது எனக்கு வலித்தது என்பதும் உண்மை பாப்பா. உனக்குத் தாலி ஏறுவதை நான் பார்க்கவில்லை. வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள் உங்கம்மா. அவளுக்கென்ன, அவள் நேரில் பார்த்தவள். அடுத்த தடவை இப்படி எதையாவது செய்தால் என் காதில் ஒரு வார்த்தை போடு. எந்தக் காதிலாவது விழும். நான் கத்துவேன், சாப்பிடாமல் படுப்பேன், அப்புறம் உன் பக்கம்தான் வந்து நிற்பேன். அந்த அளவுக்காவது அப்பனை நம்பு.

அதற்கப்புறம் நான் நிறைய யோசித்துவிட்டேன். முகூர்த்தம் காலையில். வெளியே வெயில் கொளுத்துகிறது. நாம் என்ன செய்கிறோம்? ஜன்னலை மூடித் திரை போட்டு உள்ளே இருட்டாக்குகிறோம். அந்த இருட்டைப் போக்க லைட் போடுகிறோம். லைட்டுக்கும் கூட்டத்துக்கும் புழுங்குகிறது என்று ஏசி போடுகிறோம். ஏசிக்காக ஜெனரேட்டர் வைக்கிறோம், ஜெனரேட்டர் சத்தம் கேட்கக் கூடாது என்று ஜன்னலை இன்னும் இறுக்கி மூடுகிறோம். இதில் எந்த இடத்திலும் யாரும் நின்று யோசிக்கவில்லை, நான் உட்பட. உன் பேட்டரியைக் கூட நான் டீசலுக்குப் பதில் இன்னொரு மெஷின் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது முகூர்த்தத்துக்குப் பேச வருகிறவர்களிடம் முதலில் மண்டபத்தின் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்கிறேன். ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். நேற்று ஒருவர், "தாலி கட்டறப்ப லைட் இல்லன்னா பரவால்லியா?" என்று கேட்டார். "என் பொண்ணுக்கு வெயில்லதாங்க தாலி ஏறிச்சி" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

பண்ருட்டிப் பக்கம் நீ தனியாகத் தொழில் தொடங்குகிறாய். முந்திரிக் கொட்டகையின் மேல் பேனல் போட்டு வண்டியை அங்கேயே சார்ஜ் ஏற்றப்போவதாகச் சொன்னாய். நல்லது. பார்ட்டியிடம் கார்பன் என்று ஆரம்பிக்காதே, எழுந்து போய்விடுவார்கள். ஐயர் சொல்வது கேட்கும், புகை நாற்றம் பந்திக்கு வராது, கைக்குழந்தை தூங்கும் என்று சொல். இரண்டும் ஒரே விஷயம்தான். டீசலை அடியோடு கேவலமாகவும் பேசாதே. புயல் அடித்து ஊர் ஊராகக் கம்பம் சாய்ந்து கிடந்தபோது, நம் பெரிய மெஷினை டிராக்டரில் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போய்த் தண்ணீர்த் தொட்டி நிரப்பினோம். குடத்தோடு நின்ற பெண்கள் மெஷின் சத்தம் கேட்டு அழுதார்கள். நீயும் குட்டிப் பெண்ணாக அந்த டிராக்டரில் உட்கார்ந்திருந்தாய். அந்த ஒரு மெஷினை நான் விற்கமாட்டேன், மழைக்காலத்துக்குத் தயாராக வைத்திருப்பேன். மற்றவற்றை விற்கச் சொல்லிவிட்டேன். முருகேசனுக்குப் பேட்டரி வேலை கற்றுக்கொடு. அவன் இனி என் பேச்சைக் கேட்கமாட்டான், உன் பேச்சைத்தான் கேட்பான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

போன வாரம் உன் வீட்டு வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். நீ வண்டிக்குப் பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாய், நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முந்திரிக்கொட்டை ஏற்றிய லாரி வந்து நின்றது. வழியில் மழை. தார்ப்பாய் கிழிந்திருந்ததால் மேல் மூட்டைகளெல்லாம் நனைந்து ஊறிப்போயிருந்தன. உன் மாமனாருக்கு வந்த ஆவேசத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. எனக்குக் காப்பி கொண்டுவந்துகொண்டிருந்த ரேவதி அந்தச் சத்தம் கேட்டதும் அப்படியே நின்று தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் குனிந்துகொண்டாள். உன் மாமனார் அவள் பக்கம் திரும்பி, "இந்த வூட்டுக்கு நீ எப்ப வந்தியோ..." என்று ஆரம்பித்தார். நீ வயரைக் கீழே வைத்துவிட்டு வந்து ரேவதிக்குப் பக்கத்தில் நின்றாய். அவர் உன்னைப் பார்த்தார், ரேவதியைப் பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு லாரிப் பக்கம் திரும்பி, "ஓட்ட தார்ப்பாய கட்டிகினு வந்தா நனையாம இன்னாடா பண்ணும்?" என்று டிரைவரைப் பிடித்துக்கொண்டார்.

ரேவதி தலையை நிமிர்த்தினாள். "ஆறிடப் போவுது மாமா, குடிங்க" என்று என்னிடம் காப்பியை நீட்டினாள்.

பஸ்ஸில் கடலூர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். தாலி ஏறும்போது மேடையில் இல்லாமல் போனேனே என்று இத்தனை நாளாக மனசு ஆறாமல் இருந்தது பாப்பா. நீ எதற்காக அந்த லைட்டை அணைத்தாயோ, அதை நான் நேரில் பார்த்துவிட்டேன்.

உன் அப்பா